பயனர் மாறினாலும் பாட்டு நிற்காமல் இருக்க: லினக்ஸில் ஒரு சின்ன வேலை

செந்தூலில் எங்கள் வீட்டில் ஒரே ஒரு மடிக்கணினிதான். அதில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டிருக்கிறேன். அம்மா சமைக்கும்போது அவருடைய கணக்கில் மின்னல் எஃப்எம் ஓடும். நடுவில் நான் என் கணக்குக்கு மாறினால் பாட்டு சட்டென்று நின்றுவிடும். "டேய், யார்டா ரேடியோவ அடைச்சது?" என்று அடுக்களையிலிருந்து குரல் வரும்.

எதுவும் கெட்டுப்போகவில்லை. லினக்ஸ் வேண்டுமென்றேதான் இப்படிச் செய்கிறது. பயனர்கள் உள்ளே வருவதையும் போவதையும் கவனிக்கும் சிஸ்டம்டியின் லாகின்டி என்ற நிரல், திரையில் யார் இருக்கிறாரோ அவருக்கு மட்டுமே சவுண்ட் கார்டைத் தொட அனுமதி கொடுக்கும். நான் வந்ததும் அம்மாவின் அனுமதி போய்விடும். அவருடைய கணக்கில் ஒலியைக் கையாளும் பைப்வையர் என்ற நிரல் கார்டை விட்டுவிடும். ஆனால் 'ஆடியோ' என்ற குழுவில் இருப்பவருக்கு அந்த அனுமதி எப்போதும் உண்டு. அம்மாவை அதில் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது.

நிர்வாகி உரிமை உள்ள கணக்கில் கட்டளை தட்டும் டெர்மினலைத் திறங்கள். சூடோ (sudo), ஆட்யூசர் (adduser), அம்மாவின் பயனர் பெயர், ஆடியோ (audio). இந்த நான்கையும் இதே வரிசையில், இடைவெளி விட்டு, ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டி எண்டர் அழுத்துங்கள். கடவுச்சொல் தட்டும்போது திரையில் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம், பயப்பட வேண்டாம்.

இதற்கு யூசர்மாட் (usermod) கட்டளையைச் சொல்பவர்களும் உண்டு. தப்பில்லை. ஆனால் அதில் பெரிய ஜிக்கு முன்னால் சிறிய ஏ போட மறந்தால், மற்ற குழுக்களிலிருந்து அந்தப் பயனரைத் தூக்கிவிடும். நான் என் கணக்கிலேயே அப்படிச் செய்து, சூடோ உரிமை, அதாவது நிர்வாகி உரிமை போய், ரெக்கவரி மோடில் நுழைந்து மீட்டேன். ஆட்யூசரே போதும்.

அப்புறம் ரீஸ்டார்ட். டெர்மினலில் குரூப்ஸ் (groups) என்று தட்டிப் பக்கத்தில் அம்மாவின் பயனர் பெயரைக் கொடுத்தால், வரும் பட்டியலில் ஆடியோ இருக்க வேண்டும். சரி, இப்போது அவர் கணக்கில் பாட்டைப் போட்டுவிட்டு 'ஸ்விட்ச் யூசர்' கொடுத்து மாறிப் பாருங்கள். லாக் அவுட் செய்தால் பிரவுசரும் மூடிவிடும், பாட்டும் போய்விடும்.

இதில் இரண்டு சங்கடங்கள். அம்மாவின் பாட்டு ஓடும்வரை கார்டு அவர் கையில், என் கணக்கில் பெரும்பாலும் சத்தம் வராது. அவர் நிறுத்திச் சில விநாடிகள் ஆனதும் பைப்வையர் கார்டை விட்டுவிடும். இன்னொன்று, குழுவில் இருப்பவர் திரையில் இல்லாதபோதும் மைக்கைத் திறக்கலாம். அதனால் வாடகை அறை நண்பர்களோடு கணினியைப் பகிர்கிறவர்கள் யோசித்துச் செய்யுங்கள். வேண்டாம் என்றால் ஆட்யூசர் இருந்த இடத்தில் டெல்யூசர் (deluser) போட்டு ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி ஆகிவிடும்.

புளூடூத் ஸ்பீக்கருக்கு இது உதவாது. அதற்குத் திரையில் இருப்பவர் யார் என்பதை பைப்வையரின் துணை நிரலான வையர்பிளம்பர் தனியாகப் பார்க்கிறது. அம்மாவுக்கு நான் கம்பி ஸ்பீக்கர்தான் மாட்டியிருக்கிறேன்.