வெள்ளிக்காசு உவமையை வீட்டில் சொல்லிக்கொடுப்பது எப்படி?

பிள்ளைகளுக்கு இயேசுவின் உவமைகளைச் சொல்லத் தொடங்கும் பெற்றோர் பலர் காணாமற்போன ஆட்டைத்தான் முதலில் எடுக்கிறார்கள். பினாங்கில், ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில் வளரும் நான்கு வயதுப் பிள்ளை ஆட்டு மந்தையை எங்கே பார்த்திருக்கும்? ஆனால் காசு தொலைந்து தேடிய அனுபவம் அதற்கும் உண்டு. ஆகவே லூக்கா 15-ஆம் அதிகாரம், 8 முதல் 10 வரையுள்ள வசனங்களிலிருந்து தொடங்குங்கள். பத்து வெள்ளிக்காசு வைத்திருந்த ஒரு பெண் அவற்றில் ஒன்றைத் தொலைத்து, விளக்கேற்றி, வீட்டைப் பெருக்கித் தேடிக் கண்டுபிடிக்கும் கதை அது.

முதலில் நீங்கள் தனியாக இரண்டு முறை வாசியுங்கள். மூன்றே வசனங்கள். பிறகு வேதாகமத்தை மூடிவைத்துவிட்டு, பிள்ளையின் முகத்தைப் பார்த்து வாயால் சொல்லுங்கள்.

அடுத்து, பத்து 10 காசு நாணயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவை வெள்ளி நிறத்தில் இருக்கும். ஒன்றைப் பாய்க்கு அடியில் ஒளித்துவிட்டு, மீதியைப் பிள்ளையிடம் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். (கைக்குழந்தை இருக்கும் வீட்டில் நாணயங்கள்மீது கண் இருக்கட்டும்.) என் மகள் ஒவ்வொரு விரல்நுனிக்கும் நேராக ஒரு காசைத் தரையில் அடுக்கினாள். ஒரு சுண்டுவிரலுக்கு மட்டும் காசு இல்லை. "அம்மா, இந்த விரலின் காசு எங்கே?" என்று கேட்டாள். கதை அங்கே தொடங்கிவிட்டது.

நம் ஊரில் ரிங்கிட்டை வெள்ளி என்பதால், "ஒரு வெள்ளிக்கா இவ்வளவு தேடல்?" என்று பிள்ளை கேட்கலாம். அந்தக் காசு ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம் என்று சொல்லுங்கள்.

இப்போது திரைச்சீலையை இழுத்து மூடுங்கள். அக்காலத்து எளிய வீடுகளில் பகலிலும் இருட்டுதான்; அதனால்தான் அந்தப் பெண் விளக்கேற்றினாள். பிள்ளையிடம் டார்ச் விளக்கையும் துடைப்பத்தையும் கொடுத்துத் தேட விடுங்கள். இடத்தைக் காட்டிக்கொடுக்காதீர்கள்.

காசு கிடைத்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். உவமையின் உயிரே அதற்குப் பிறகுதான் இருக்கிறது. அந்தப் பெண் தோழிகளையும் அயல்வீட்டாரையும் கூட்டி மகிழ்ந்தாள் அல்லவா? நீங்களும் யாரையாவது கூப்பிடுங்கள். எதிர்வீட்டுச் சீனப் பாட்டியிடம் என் மகள் உள்ளங்கையை விரித்து, "சுடா ஜும்பா!" (கிடைத்துவிட்டது!) என்று மலாயில் கூவினாள். பாட்டியும் கைதட்டினார்.

"ஆகவே நீ நல்ல பிள்ளையாக இரு" என்று மட்டும் முடித்துவிடாதீர்கள். காசு தானாக நடந்து வரவில்லை, அவள்தான் தேடினாள். "கடவுளும் நம்மை அப்படித்தான் தேடுகிறார், கிடைத்ததும் மகிழ்கிறார்" என்றால் இந்த வயதுக்குப் போதும்.

வாரம் முழுவதும் இதே உவமைதான். மறுநாள் பிள்ளை காசை ஒளித்துவைத்து உங்களைத் தேடச் சொல்லும். எங்கே என்று தெரிந்தாலும் உடனே எடுத்துவிடாதீர்கள். விளக்கைப் பிடித்து, வீட்டைப் பெருக்கி, மூலைமூலையாகத் தேடுங்கள்.