வீடியோ அழைப்புக்கு ஃபிளெக்ஸ் எதற்கு?

இங்கிலாந்துப் பள்ளி ஒன்றோடு சேர்ந்து உடல்நலம், சுற்றுச்சூழல் இரண்டையும் வைத்து ஒரு கூட்டுத் திட்டம் எடுத்தோம். முதல் வீடியோ அழைப்புக்கு முந்தின நாளே எங்கள் பள்ளி வாசலில் பன்னிரண்டடி ஃபிளெக்ஸ் ஏறிவிட்டது. அழைப்பு முடிந்ததும் பிள்ளைகளுக்கு ரோஸ்மில்க், அதுவும் காகிதக் கோப்பையில். உட்புறம் பிளாஸ்டிக் பூசிய அந்தக் கோப்பைக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இதையும் நாளைக்கு எண்ணணுமா?" என்றாள். திட்டத்தின் முதல் வேலையே பள்ளியின் குப்பையை எண்ணுவதுதான்.

வெளிநாட்டுப் பள்ளி என்றதும் நமக்கு விழா நடத்தும் ஆசை வந்துவிடுகிறது. உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று ஒரே குழியைச் சுற்றி ஒன்பது பேர் நின்று படம் எடுத்து அனுப்புகிறோம். அடுத்த மே மாத விடுமுறையில் அந்தக் கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று முடிவு செய்யாமல் மண்வெட்டியைத் தொடவே கூடாது. 1994-இல் ஐரோப்பாவில் தொடங்கிய ஈகோ-ஸ்கூல்ஸ் என்ற பள்ளிச் சுற்றுச்சூழல் திட்டத்துக்கு ஏழு படிகள் உண்டு. முதலில் மாணவர் குழு. இரண்டாவதாகப் பள்ளியை அளந்து பார்ப்பது. செயல்திட்டம் அதற்கும் பிறகுதான். நம்மில் பலர் இரண்டாவது படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம். அதற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. இரண்டு வாளி, பழைய பேப்பர்க்காரரிடம் கடன் வாங்கிய ஒரு கொக்கித் தராசு, ஒரு வாரம். எந்தக் கிழமையில் சோறு அதிகம் மிஞ்சுகிறது என்று தெரிந்தாலே பேச விஷயம் கிடைத்துவிடும்.

இரண்டு நாட்டுக்கும் ஒரே படிவத்தைக் கொடுப்பது அடுத்த தவறு. "நேற்று எத்தனை பங்கு காய்கனி சாப்பிட்டாய்?" என்று அங்கிருந்து ஒரு கேள்வித்தாள் வந்தது. ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கனி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதைத்தான் பிரிட்டனில் 80 கிராம் வீதம் ஐந்து பங்காகப் பிரித்துச் சொல்கிறார்கள். அங்கே உருளைக்கிழங்கு கணக்கில் வராது. பருப்பு வகையை எவ்வளவு தின்றாலும் ஒரு பங்குதான். சாம்பாரில் கிடந்த மூன்று முருங்கைத் துண்டை எங்கள் பையன்கள் எந்தப் பங்கில் போடுவார்கள்? முக்கால்வாசிப் பேர் 'பூஜ்யம்' என்று எழுதிவிட்டார்கள். மறுவாரம் படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு, நேற்று வீட்டில் என்ன குழம்பு, என்ன பொரியல் என்று எழுதச் சொன்னோம். கீரையும் அவரைக்காயும் பூசணியும் வரிசையாக வந்தன.

கார்பன் கணக்குப் போடும் செயலிகளிலும் இதே கதைதான். இந்தியாவில் தலைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. பிரிட்டனில் அதைப் போல சுமார் இரண்டு மடங்கு. கார் இல்லாத வீட்டுப் பிள்ளையிடம் "காரைக் குறைத்துக்கொள்" என்று செயலி அறிவுரை சொன்னால் அவன் சிரிக்கத்தான் செய்வான்.

உடல்நலப் பகுதியில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளை வகுப்பில் வரிசையாக நிறுத்தி எடை பார்த்துப் பலகையில் எழுதாதீர்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. எண்ணில் பெரியவர்களுக்கான எல்லைகளான 18.5, 25 ஆகியவை பிள்ளைகளுக்குப் பொருந்தாது. 5 முதல் 19 வயது வரை வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற தனி அட்டவணை இருக்கிறது. அட்டவணை சரியாகவே இருந்தாலும், 'குண்டு' என்று ஒரு பெயர் ஒட்டிக்கொண்டால் பத்தாம் வகுப்பு வரை போகாது.

சத்துணவை மறைப்பது இன்னொரு வேடிக்கை. மதிய உணவுக் காட்சி வேண்டும் என்று அவர்கள் கேட்டதும், வீட்டிலிருந்து நல்ல டிபன் பாக்ஸ் கொண்டுவந்த நான்கு பேரை மட்டும் கேமரா முன் உட்கார வைத்தோம். நான் இன்னும் வெட்கப்படும் முடிவு அது. இங்கிலாந்தில் வீட்டு வருமானம் பார்க்காமல் எல்லாப் பிள்ளைக்கும் இலவச மதிய உணவு என்பது 2014-இல்தான் வந்தது, அதுவும் தொடக்கப் பள்ளியின் முதல் மூன்று வகுப்புகளுக்கு மட்டும். இங்கே எம்.ஜி.ஆர். காலச் சத்துணவு 1982-இலிருந்து நடக்கிறது. 2022 முதல் காலை உணவும் சேர்ந்திருக்கிறது. பிறகு ஒருநாள் சத்துணவுக்கூடத்தையே காட்டினோம். அடுப்பு, அண்டா, உரித்து அடுக்கிய அவித்த முட்டைகள். அங்கிருந்து அன்று வந்த அளவுக்கு வேறு எதற்கும் கேள்விகள் வரவில்லை.

அன்பளிப்பாக விதை அனுப்பும் யோசனை எல்லாத் திட்டத்திலும் ஒருமுறை எட்டிப் பார்க்கும். எங்கள் பிள்ளைகள் கத்தரி விதையைப் பொட்டலம் கட்டி உறையில் போட்டு ஒட்டியே விட்டார்கள். தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் விதை நாடு தாண்டக் கூடாது. பூச்சியும் நோயும் கூடவே பயணம் போகும். உறையைப் பிரித்துவிட்டு, இரண்டு ஊரிலும் கடையில் கிடைக்கும் வெந்தயத்தை ஒரே நாளில் விதைத்தோம். எங்களுக்கு இரண்டாம் நாளே முளை. குளிர்ந்த ஜன்னலோரத்தில் அவர்களுக்குத் தாமதம். ஏன் என்ற பேச்சிலேயே ஒரு பாடவேளை போனது.

படங்களைப் பற்றி: 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது நிரம்பாதவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் "எல்லாருக்கும் ஓகேவா?" என்று கேட்பதை ஒப்புதல் என்று சொல்ல முடியாது. கையெழுத்து வாங்குங்கள், பெயரைப் படத்தோடு சேர்க்காதீர்கள்.

கடைசியாகக் கடிகாரம். அங்கே காலை 9 மணி என்றால் கோடையில் இங்கே பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். மார்ச் கடைசி ஞாயிறன்று மறுபடி முன்னுக்கு. இது தெரியாமல், நவம்பர் முதல் வாரத்தில் எங்கள் பிள்ளைகள் அவசரமாகச் சாப்பிட்டுக் கைகழுவி, தலைசீவி, 1.30-க்கே வந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.