டெல்டாவில் நீலப்பச்சைப் பாசிக் கணக்கெடுப்பு: குளம், வயல், உப்பளம் – தொடங்குபவர்களுக்கான செய்முறை

குளத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் மொண்டு வந்து, "இந்தக் குளத்தில் உள்ள நீலப்பச்சைப் பாசிகள் இவை" என்று பட்டியல் போட்டுவிடுவதுதான் கல்லூரித் திட்ட அறிக்கைகளில் அடிக்கடி கண்ணில் படும் பிழை. ஒரு குளம் என்பது ஒரு இடம் அல்ல. நீர்ப்பரப்பில் மிதப்பது ஒரு கூட்டம், படித்துறைக் கல்லில் வழுக்குவது இன்னொன்று, ஓரத்துச் சேற்றின் மேல் தோலாகப் படிவது வேறு, ஆகாயத்தாமரை வேரில் ஒட்டியிருப்பது வேறு. மன்னார்குடி ஹரித்ரா நதியையும் திருவாரூர் கமலாலயத்தையும் ஒப்பிட வேண்டுமா? படியோடு படியை ஒப்பிடுங்கள், மிதவையோடு மிதவையை ஒப்பிடுங்கள். இங்கே மிதவை, அங்கே படி என்று எடுத்தால் வரும் வேறுபாடு குளங்களுடையது அல்ல, நீங்கள் எடுத்த விதத்துடையது.

எப்போது, எங்கே

மேட்டூர் திறப்பு வழக்கமாக ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. டெல்டாவின் பாசிக் காலண்டரும் ஏறத்தாழ இதுதான். புதுத்தண்ணீர் வண்டலோடு கலங்கி வரும் நாட்களில் வெண்ணாற்றிலோ அரசலாற்றிலோ மிதவைப் பாசி தேடுவது வீண் வேலை. அப்போது மதகுச் சுவரையும் கல்லையும் சுரண்டுங்கள், ஃபார்மிடியம் மாதிரி ஒட்டுப்பாசிகள் கிடைக்கும். மார்ச் முதல் மே வரை ஆற்றில் தேங்கிய மடுக்களும் வற்றிய குளங்களும்தான் மிதவைக்கு ஏற்ற இடம். வெப்பம், அசையாத நீர், கரையிலிருந்து சேர்ந்த பாஸ்பேட் மூன்றும் கூடும்போது மைக்ரோசிஸ்டிஸ் என்ற மிதவை நீலப்பச்சைப் பாசி பச்சைப் பெயிண்ட் கொட்டியதுபோலத் திரளும்.

காற்றைக் கவனியுங்கள். ஆனி, ஆடி மேல்காற்றில் மிதவை முழுதும் கிழக்குக் கரையில் ஒதுங்கும். அங்கே மட்டும் எடுத்தால் எண்ணிக்கை பல மடங்கு ஊதிப்போகும், மேற்குக் கரையில் மட்டும் எடுத்தால் பாசியே இல்லை என்று தோன்றும். நான்கு கரையிலும் ஒரே அளவு எடுத்துக் கலந்து கொள்ளுங்கள். காலை 7 முதல் 9 மணிக்குள் முடிப்பது நல்லது. பிற்பகலில் ஒளிச்சேர்க்கை உச்சத்தில் இருந்தால் பிஎச் 9-ஐத் தாண்டும், ஆக்சிஜனும் ஏறும். ஒரு குளத்தில் காலையிலும் மறு குளத்தில் மாலையிலும் அளந்த பிஎச்சை ஒரே அட்டவணையில் போடக்கூடாது.

கோயில் குளமானால் கோயில் அலுவலகத்தில் முதலில் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். பாட்டிலோடு படியில் உட்கார்ந்தவரிடம் கேள்வி வரத்தான் செய்யும்.

கையில் இருக்க வேண்டியவை

20 முதல் 25 மைக்ரோமீட்டர் கண்ணுள்ள பிளாங்க்டன் வலை (மிதவையை வடித்தெடுக்கும் வலை), 100 மில்லி அகல வாய் பாட்டில்கள், 1 லிட்டர் பாட்டில், பல் துலக்கும் பிரஷ், 5-க்கு 5 செ.மீ. சதுரம் வெட்டிய பிளாஸ்டிக் அட்டை, ரப்பர் கையுறை, பிஎச் மீட்டர், வெப்பமானி, பென்சில். லேபிளுக்குப் பென்சில்தான். மார்க்கர் எழுத்து ஈரத்திலும் ஆல்கஹாலிலும் கரைந்து போகும். தாளை பாட்டிலுக்குள்ளேயே போட்டுவிடலாம்.

வலையை மட்டும் நம்பி எண்ணிக்கை சொல்லாதீர்கள். மிகச் சிறிய ஒற்றைச் செல் இனங்கள் வலைக்கண் வழியே நழுவி வெளியேறிவிடும். வலையில் எடுத்த மாதிரி இனங்காண, 1 லிட்டர் முழு நீர் எண்ண.

கையுறை அலங்காரத்துக்கு அல்ல. மைக்ரோசிஸ்டிஸ் திரளில் மைக்ரோசிஸ்டின் என்ற ஈரல் நச்சு இருக்க வாய்ப்புண்டு. குடிநீரில் மைக்ரோசிஸ்டின்-எல்ஆருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். கொதிக்க வைத்தால் நச்சு போகாது, செல் உடைந்து இன்னும் வெளியேதான் வரும். "காய்ச்சிக் குடித்தால் சரி" என்று யாராவது சொன்னால் திருத்துங்கள்.

எடுக்கும் முறை

படிக்கல்லில் அட்டைச் சதுரத்தை வைத்து, உள்ளே இருப்பதை மட்டும் பிரஷால் தேய்த்து, அதே குளத்து நீரை வடிகட்டி அதால் கழுவிப் பாட்டிலில் விடுங்கள். பரப்பு 25 சதுர செ.மீ. என்று தெரிந்தால்தான் பிறகு "சதுர செ.மீ.க்கு இத்தனை" என்று சொல்ல முடியும். நீர் மட்டத்துக்குச் சற்று மேலே கருந்தோலாக இருப்பதைத் தனிப் பாட்டிலில் எடுங்கள். வெயிலில் காய்ந்து நனையும் அந்தப் பட்டையில் சைட்டோனீமா, காலோத்ரிக்ஸ், குளோயோகாப்சா தேட வேண்டும். உறையில் பழுப்பு நிறமி ஏறியிருப்பதால்தான் அது கறுப்பாகத் தெரிகிறது.

வயலில் நடவுக்குப் பின் 2, 3 வாரம் நல்ல சமயம். நெல் தண்டின் நீருக்குள் இருக்கும் பகுதியை விரலால் தடவிப் பாருங்கள். கடுகு, மிளகு அளவில் வழவழப்பான பச்சை உருண்டைகள் இருந்தால் குளோயோட்ரைக்கியாவாக இருக்கலாம். மண்ணுக்கு, மேல் 1 செ.மீ. மட்டும், ஒரு வயலில் பத்து இடத்தில் சுரண்டிக் கலக்குங்கள். விவசாயியிடம் யூரியா எப்போது போட்டார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தழைச்சத்து தாராளமாகக் கிடைக்கும் வயலில் ஹெட்டிரோசிஸ்ட் (காற்றின் நைட்ரஜனை நிலைநிறுத்தும் தனிச் செல்) உள்ள இனங்களின் பங்கு குறையும். காற்றின் நைட்ரஜனை நெல்வயலில் நிலைநிறுத்துபவை இந்தப் பாசிகள் என்று பி.கே. தே 1939-இல் காட்டினார். அந்த விஷயத்தைத் தொடும் எந்தக் கணக்கெடுப்புக்கும் உரத் தேதி இல்லாவிட்டால் பாதி மதிப்புப் போய்விடும்.

வேதாரண்யம் உப்பளப் பாத்திகளிலும் முத்துப்பேட்டைக் கழிமுகச் சேற்றிலும் பாசி விரிப்பாகப் படியும். கத்தியால் கேக் துண்டுபோல நேராக வெட்டி எடுங்கள். மேலே பச்சை, கீழே இளஞ்சிவப்பு, அதற்கும் கீழே கறுப்பு என்று அடுக்குத் தெரியும். நமக்கு வேண்டியது மேல் அடுக்கு. இளஞ்சிவப்பு கந்தக பாக்டீரியாவுடையது. இவற்றை நன்னீரால் கழுவக்கூடாது, செல்கள் வெடித்துவிடும். அதே பாத்தி நீரையே பயன்படுத்துங்கள், உப்பளவையும் குறியுங்கள்.

உயிர் மாதிரிப் பாட்டிலை மூன்றில் இரண்டு பங்குதான் நிரப்ப வேண்டும். திரள் மாதிரி வெயிலில் கிடந்தால் சில மணி நேரத்தில் அழுகி நாறும். ஐஸ் பெட்டியில் வையுங்கள், ஆனால் ஐஸ் நேரடியாகத் தொடாமல் நடுவில் ஒரு துணி இருக்கட்டும்.

முதலில் உயிரோடு பாருங்கள்

மாதிரியைக் கெடாமல் வைக்க அயோடின் விட்ட பிறகு எல்லாமே பழுப்பு. நீலப்பச்சை நிறம், ஆசிலடோரியாவின் ஊசலாட்டம், உறையின் மென்மை எல்லாம் அன்றைக்கே பார்த்தால்தான் உண்டு. 10எக்ஸில் தேடி, 40எக்ஸில் அளந்து, தேவையானால் 100எக்ஸ் எண்ணெய் லென்ஸ். கண்லென்ஸ் அளவுகோலை ஸ்டேஜ் மைக்ரோமீட்டரால் ஒவ்வொரு லென்ஸுக்கும் தனியாகச் சரிபார்க்க வேண்டும். அதில் 1 மி.மீ. 100 பிரிவாக இருக்கும், ஒரு பிரிவு 10 மைக்ரோமீட்டர். காகித நுண்ணோக்கி பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆர்வமூட்ட அருமையானது. இழையின் அகலத்தை 1 மைக்ரோமீட்டர் துல்லியத்தில் அளக்க வேண்டிய இந்த வேலைக்குப் போதாது.

ஹெட்டிரோசிஸ்ட் எப்படி இருக்கும் என்று பழக, மாட்டுத் தீவனத்துக்கு வளர்க்கும் அசோலாவில் ஓர் இலையை ஸ்லைடில் வைத்து நசுக்குங்கள். மேல் மடலின் குழியிலிருந்து அனபீனா இழைகள் கொட்டும். தனியே வாழும் இழைகளில் ஹெட்டிரோசிஸ்ட் சுமார் 5 முதல் 10 சதவீதம், அசோலாவுக்குள் 20 முதல் 30 சதவீதம் வரை. தேட வேண்டியதே இல்லை. தடித்த சுவர், வெளிறிய மஞ்சள் பச்சை, செல்லின் முனையில் ஒளிரும் புள்ளி என்று மூன்றும் இருந்தால்தான் ஹெட்டிரோசிஸ்ட். வெறுமே வெளிறிய செல் செத்த செல்லாக இருக்கலாம்.

மிதப்பதை மூழ்கடிப்பது: எல்லோரும் தடுக்கி விழும் இடம்

எண்ணுவதற்கு நீரை அடர்த்தியாக்க வேண்டும். வழக்கமான குறிப்பு: லூகால் (அயோடின் கரைசல், செய்முறை கீழே) விட்டு 1 அல்லது 2 நாள் அசையாமல் வைத்து, மேல் நீரைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, அடியில் 10 மில்லி மிச்சம் வைத்து எண்ணு. பச்சைப் பாசிக்கும் டயாட்டத்துக்கும் (சிலிக்கா ஓடுள்ள பாசி) இது சரி. மைக்ரோசிஸ்டிஸ், மிதக்கும் அனபீனா வகைகளுக்கு இது பெரிய ஓட்டை. அவற்றின் செல்லுக்குள் வாயுக் குமிழிகள் இருக்கின்றன. லூகால் விட்டாலும் ஒரு பகுதி மேலேயே நிற்கும், மேல் நீரோடு சாக்கடைக்குப் போகும். திரள் கண்ணுக்குத் தெரிந்த குளத்தில் "மைக்ரோசிஸ்டிஸ் குறைவு" என்று எண்ணிக்கை வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

தீர்வு அழுத்தம். 5 மில்லி பிளாஸ்டிக் சிரிஞ்சில் காற்று இல்லாமல் மாதிரியை இழுங்கள். முனையை ரப்பர் அடைப்பானில் இறுக ஊன்றி, தண்டைப் பலங்கொண்டு ஒரு தடவை அழுத்துங்கள். பால்போலக் கலங்கிய பச்சை சட்டென்று தெளிந்த நீலப்பச்சையாக மாறும். வாயுக் குமிழிகள் நசுங்கிவிட்டன என்று அர்த்தம். ஸ்லைடில் பார்த்தால் முன்பு கறுப்பாகத் தெரிந்த செல்கள் இப்போது தெளிவாக இருக்கும். 20 மில்லி சிரிஞ்சு உதவாது. பீப்பாய் அகலமாகும்போது அதே கைபலத்துக்கு அழுத்தம் குறைகிறது. 5 மில்லியிலும் நிறம் மாறாவிட்டால் 2 மில்லிக்குப் போங்கள். சிரிஞ்சுக்குள் காற்றுக் குமிழி இருந்தால் அதுதான் நசுங்கும், பாசி அப்படியே இருக்கும்.

திரள் உள்ள குளத்துக்கு 1 லிட்டர் தேவையே இல்லை. 50 மில்லியைப் பத்து தடவையில் அழுத்தி, பிறகு லூகால் விட்டுப் படியவிட்டால் போதும். அதிக நீர் என்றால் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலை விளிம்புவரை நிரப்பி, கார்க்கால் மூடி, கார்க்கின் மேல் சுத்தியலால் ஓர் அடி. கண்ணாடிப் பாட்டிலில் இதைச் செய்யவே கூடாது.

லூகால்: 20 கிராம் பொட்டாசியம் அயோடைடை 200 மில்லி வாலை வடிநீரில் முதலில் கரைத்து, பிறகு 10 கிராம் அயோடின், கடைசியில் 20 கிராம் செறிந்த அசிட்டிக் அமிலம். வரிசையை மாற்றினால் அயோடின் கரையாமல் கிடக்கும். 100 மில்லி மாதிரிக்கு அரை முதல் 1 மில்லி, வெளிறிய டீ நிறம் வரும்வரை. பழுப்புக் கண்ணாடிப் பாட்டில்தான் நல்லது. பிளாஸ்டிக் அயோடினை மெல்ல உறிஞ்சிவிடும். சில மாதத்தில் நிறம் வெளுத்தால் சில சொட்டு சேர்க்க வேண்டும். ஒரு லாபமும் உண்டு: பச்சைப் பாசியில் ஸ்டார்ச் இருப்பதால் அயோடினில் கருநீலமாகும், நீலப்பச்சைப் பாசி பழுப்பாகவே நிற்கும்.

இனங்காணல்

தேசிகாச்சாரியின் 1959 நீலப்பச்சைப் பாசி நூல்தான் இன்றும் முதல் துணை. ஆனால் பெயர்கள் மாறிவிட்டன. அதில் அனபீனா என்று வரும் மிதவை இனங்கள் பலவும் இப்போது டோலிகோஸ்பெர்மம். உப்பு விரிப்புகளின் மைக்ரோகோலியஸ் தோனோபிளாஸ்டஸ் இப்போது கோலியோஃபாசிக்குலஸ். பாசிப் பெயர்களுக்கான ஆல்கேபேஸ் இணையதளத்தில் சரிபார்த்து இரண்டு பெயரையும் எழுதுங்கள்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி: இழையா, கூட்டமா? கூட்டமாகி, செல்கள் தட்டையான பலகையில் வரிசையாக இருந்தால் மெரிஸ்மோபீடியா. ஒரே உறைக்குள் இரண்டும் நான்குமாக அரைவட்டச் செல்கள் என்றால் குரோகாக்கஸ். இழையாகி ஹெட்டிரோசிஸ்ட் இல்லாவிட்டால் உறையைப் பாருங்கள். உறை தெரியாமல் ஊசலாடினால் ஆசிலடோரியா, கெட்டியான உறை இழைக்கு வெளியே நீண்டிருந்தால் லிங்பியா. இவை இரண்டுக்கும் நடுவில் ஃபார்மிடியம் எல்லோரையும் குழப்பும். சந்தேகமானால் பேரினத்தோடு நிறுத்துங்கள். ஹெட்டிரோசிஸ்ட் இருந்தால் அது எங்கே என்று பாருங்கள். நுனியில் இருந்து பக்கத்திலேயே பெரிய அகைனீட் (தடித்த சுவருள்ள உறங்கும் செல்) ஒட்டியிருந்தால் சிலிண்ட்ரோஸ்பெர்மம். அடியில் இருந்து இழை மயிர்போலக் கூம்பினால் காலோத்ரிக்ஸ். பொய்க்கிளை (இழை அறுந்து உறைக்கு வெளியே வளர்வது) இரட்டையாகப் பிரிந்தால் சைட்டோனீமா, ஹெட்டிரோசிஸ்ட் அருகே ஒற்றையாகப் பிரிந்தால் டோலிபோத்ரிக்ஸ்.

ஒவ்வொரு இனத்திலும் 20 இழையாவது அளந்து, குறைந்தது-கூடியது என்று எழுதுங்கள். ஓர் இழையை அளந்து சிற்றினப் பெயர் வைத்தால் அதைவிடப் பெயர் வைக்காமல் விடுவதே மேல்.

எண்ணுதல்

எண்ணப் பயன்படும் செட்விக்-ராஃப்டர் அறை (கட்டம் போட்ட ஸ்லைடு) 50 × 20 × 1 மி.மீ., கொள்ளளவு 1 மில்லி, 1000 கட்டங்கள். ஆழம் காரணமாக 40எக்ஸ் லென்ஸ் இதன் மேல் குவியாது. 10 அல்லது 20எக்ஸில்தான் எண்ண முடியும், அதனால்தான் இனங்காணல் முதலிலேயே முடிந்திருக்க வேண்டும்.

1 லிட்டர் நீரை 10 மில்லியாக்கி, 30 கட்டத்தில் 90 இழை எண்ணினீர்கள் என்றால்: 90 × 1000 ÷ 30 = 3000, இது அடர்த்தியாக்கிய 1 மில்லியில். 3000 × 10 = லிட்டருக்கு 30,000, அதாவது குளத்து நீரில் மில்லிக்கு 30 இழை.

ஷானன் குறியீடு (இனப் பன்மையை அளக்கும் எண்) போடுவதற்கு முன் அலகை முடிவு செய்யுங்கள். மைக்ரோசிஸ்டிஸைச் செல்லாகவும் ஆசிலடோரியாவை இழையாகவும் எண்ணிச் சேர்த்தால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை. எல்லாம் செல், அல்லது எல்லாம் கூட்டம்/இழை. மைக்ரோசிஸ்டிஸ் கூட்டத்தைச் செல்லாக உடைக்க, 0.01 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் 80–90 டிகிரியில் அரை மணி வைத்துக் குலுக்கலாம்.

வளர்த்துப் பார்த்தல்

மண் மாதிரியில் நேரடியாகப் பார்த்தால் மணலும் சருகும்தான் தெரியும். பிஜி-11 ஊடகம், 1 லிட்டருக்கு: சோடியம் நைட்ரேட் 1.5 கிராம், டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 0.04, மெக்னீசியம் சல்பேட் 0.075, கால்சியம் குளோரைடு 0.036, சிட்ரிக் அமிலம் 0.006, ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 0.006, ஈடிடிஏ 0.001, சோடியம் கார்பனேட் 0.02, நுண்சத்துக் கரைசல் 1 மில்லி. நைட்ரேட்டை விட்டுவிட்டால் நைட்ரஜன் நிலைநிறுத்தும் இனங்களுக்கான ஊடகம். பாஸ்பேட்டைத் தனியாக ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமிநீக்கம்) செய்து ஆறிய பின் சேருங்கள், சேர்த்தே வைத்தால் வெண்படிவு விழும். 121 டிகிரி, 15 பவுண்டு, 20 நிமிடம். நேர் வெயில் படாத ஜன்னலில் 2 முதல் 4 வாரம். உப்பள மாதிரிக்கு இந்த ஊடகம் ஆகாது, கடல்நீர் அடிப்படையிலான ஊடகம் வேண்டும்.

வளர்ந்ததை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். வளர்ப்பு "இருக்கிறதா" என்பதற்கு மட்டும்தான் பதில் சொல்லும், "எவ்வளவு" என்பதற்கு அல்ல.

பிறகு சேர்த்தவை

குளம் சிவப்பாக மாறுவது பற்றிப் பலர் கேட்கிறார்கள். வெயில் ஏற ஏறச் சிவந்து, மாலையில் பச்சைக்குத் திரும்பும் ஏடு பெரும்பாலும் யூக்ளீனா என்ற ஒற்றைச் செல் உயிரி. நீலப்பச்சைப் பாசி அல்ல. நுண்ணோக்கியில் நெளிந்து நகர்வதைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நுண்ணோக்கி இல்லாத இடத்தில்: குச்சியை விட்டு எடுங்கள். நூல்போலத் தொங்கினால் இழைப் பச்சைப் பாசி. பெயிண்ட்போலப் பூசினால் கண்ணாடி ஜாடியில் முக்கால் நிரப்பி, ஃபிரிட்ஜில் அசையாமல் ஒரு இரவு வையுங்கள். மேலே பச்சை வளையம் கட்டினால் மிதவை நீலப்பச்சைப் பாசியாக இருக்க வாய்ப்பு அதிகம், அடியில் படிந்தால் குறைவு. யூக்ளீனாவும் மேலே வரும் என்பதால் இது முடிவு அல்ல, எந்தப் பாட்டிலை முதலில் ஸ்லைடில் போடுவது என்று தீர்மானிக்க மட்டும். அந்த ஜாடியைச் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு திரும்பச் சேர்க்காதீர்கள்.