லாஸ் வேகாஸ் போகிறீர்களா? தூரம், நேரம், காசு மூன்றிலும் நடக்கும் தவறுகள்

ஊரிலிருந்து அப்பா அம்மாவோ மாமா அத்தையோ வந்தால், கலிபோர்னியாவில் இருக்கும் நம்மவர்கள் காரில் ஏற்றிக் கூட்டிப்போகும் ஊர்களில் ஒன்று, நெவாடா மாநிலத்துச் சூதாட்ட நகரமான லாஸ் வேகாஸ். நான் அப்படி மூன்று முறை போய் வந்திருக்கிறேன். முதல் தடவை செலவான பணத்தை வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தபோது, சூதாட்ட மேசையில் போனது பாதிகூட இல்லை. மீதியெல்லாம் தூரம் தெரியாமல், நேரம் தெரியாமல், விலையைக் கேட்காமல் போனது. அதனால் இப்போது யார் கிளம்பினாலும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சில விஷயங்களைச் சொல்லி அனுப்புகிறேன்.

அறை எடுப்பதிலேயே முதல் தவறு நடந்துவிடும். ஒரே அறை செவ்வாய்க்கிழமை ஒரு விலை, சனிக்கிழமை இரண்டு மூன்று மடங்கு விலை. ஜனவரியில் சிஇஎஸ் மின்னணுக் கண்காட்சி நடக்கும் வாரமும், 2023 முதல் நவம்பரில் நடக்கும் ஃபார்முலா ஒன் பந்தய வாரமும் இன்னும் மோசம். வாடகை தவிர 'ரிசார்ட் ஃபீ' என்று இரவுக்கு 40, 50 டாலர் தனியாக உண்டு. 2025 மே மாதத்திலிருந்து இந்தக் கட்டணத்தையும் சேர்த்துத்தான் விலை காட்ட வேண்டும் என்று அமெரிக்காவில் விதி வந்துவிட்டது. ஆனால் அதற்குமேல் 13 விழுக்காட்டைத் தாண்டும் அறை வரி இருக்கிறது. பணம் கட்டும் கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்த்துவிட்டு விலையை ஒப்பிடுங்கள். அறைக்குள் போனதும் குளிர்பெட்டியில் இருக்கும் பாட்டில்களைத் தொடாதீர்கள். பல ஓட்டல்களில் அடியில் சென்சார் இருக்கும், எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தாலும் பில்லில் ஏறிவிடும். அத்தை தண்ணீர் பாட்டிலை வைக்க இடம் பண்ணியதற்கு எங்கள் பில்லிலும் அப்படி ஏறியது. வரவேற்பில் கேட்டு நீக்கச் சொல்ல அரைமணி நேரம் ஆனது.

'டவுன்டவுனில் மலிவாகக் கிடைத்தது' என்று மகிழ்ந்து போகிறவர்களும் உண்டு. படங்களில் நாம் பார்க்கும் பெரிய ஓட்டல்கள் இருப்பது ஸ்ட்ரிப் எனும் சாலையில். அதன் பெரும்பகுதி லாஸ் வேகாஸ் நகர எல்லைக்குள்ளேயே வராது, பாரடைஸ் என்ற பகுதியில் இருக்கிறது. டவுன்டவுன் என்றால் ஃப்ரீமான்ட் தெரு, பழைய வேகாஸ். எனக்கு அது பிடிக்கும், ஆனால் ஸ்ட்ரிப்பில் உள்ள பெலாஜியோ ஓட்டலின் நீரூற்றைத் தினமும் பார்க்க நினைப்பவர் அங்கே தங்கினால் போக்குவரத்துக்கே பணம் கரையும்.

தூரத்தைச் சொல்ல வேண்டும். ஸ்ட்ரிப்பின் நீளம் சுமார் 6.8 கிலோமீட்டர். கட்டடங்கள் மலைபோல் இருப்பதால் எல்லாம் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும். "இதோ எதிர்ல தெரியுது மாப்ளே, நடந்தே போயிடலாம்" என்று மாமா சொன்ன இடத்துக்குப் போய்ச்சேர நாற்பது நிமிடம் ஆனது. நேராகச் சாலையைக் கடக்க முடியாது. மேம்பாலம் ஏறி, இறங்கி, நடுவில் ஒரு காசினோவுக்குள், அதாவது சூதாட்டக் கூடத்துக்குள் நுழைந்து, சூதாட்ட மிஷின்களைச் சுற்றிக்கொண்டு வெளியே வரவேண்டும். நடைபாதை அப்படித்தான் அமைந்திருக்கிறது. 2024 தொடக்கத்தில் அந்த மேம்பாலங்களில் நிற்பதையே தடைசெய்து விதியும் வந்தது. முட்டி வலி உள்ளவர்களை அழைத்துப் போனால், 24 மணி நேரமும் ஓடும் டியூஸ் பேருந்துக்கு நாள் டிக்கெட் எடுத்துவிடுங்கள். மோனோரயிலும் இருக்கிறது, ஆனால் அது விமான நிலையத்துக்குப் போகாது.

சென்னை வெயிலைப் பார்த்தவர்களுக்கு இந்த வெயில் என்ன செய்யும் என்ற எண்ணம் ஆபத்தானது. சென்னையில் வேர்த்துக் கொட்டும், உடனே தண்ணீர் தேடுவோம். இது பாலைவனம். வேர்வை தோலிலேயே காய்ந்துவிடும், தலை சுற்றும்வரை தெரியாது. 2024 ஜூலை 7 அன்று அங்கே பதிவானது 48.9 டிகிரி செல்சியஸ். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வயதானவர்களைப் பகலில் நடக்க வைக்காதீர்கள். டிசம்பர் இரவில் நேர்மாறாகக் குளிர் நடுக்கும், ஸ்வெட்டர் வேண்டும்.

இனி விளையாட்டுக்கு வருகிறேன். விளையாடவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 21 வயது நிறைந்த யாரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம், அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். குழந்தைகளோடு நடந்து கடந்து போகலாம், மிஷின் அருகே நின்றால் காவலர் வந்து நகரச் சொல்வார். மேசையில் ஆட்டத்தை நடத்தும் டீலர் கையில் பணத்தைக் கொடுக்காதீர்கள், துணியின்மேல் வையுங்கள். கைக்குக் கை வாங்க அவருக்கு அனுமதி இல்லை.

அந்தத் துணியில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் உட்காருவதுதான் பெரிய தவறு. பிளாக்ஜாக் என்ற சீட்டாட்ட மேசையில் '3க்கு 2' என்றோ '6க்கு 5' என்றோ அச்சடித்திருக்கும். 20 டாலர் கட்டி, முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் அதுதான் பிளாக்ஜாக்; அது விழுந்தால் முதல் மேசையில் 30 டாலர், இரண்டாவதில் 24 டாலர்தான். மலிவான மேசைகளில் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான் இருக்கும். சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று கட்டும் ஆட்டம் ரூலட். அதில் சக்கரத்தைப் பாருங்கள். ஒற்றைப் பூஜ்யம் என்றால் 37 குழிகள், கட்டும் பணத்தில் காசினோவுக்குச் சாதகம் 2.7 விழுக்காடு. இரட்டைப் பூஜ்யம் என்றால் 38 குழிகள், 5.26 விழுக்காடு. இப்போது மூன்று பூஜ்யச் சக்கரங்களும் வந்துவிட்டன, அதில் 7.69. மூன்றிலும் நமக்குத் தரும் பணம் ஒன்றேதான், குழிகள் மட்டும் கூடுகின்றன.

சக்கரத்தின் பக்கத்தில் கடைசியாக விழுந்த எண்கள் பலகையில் ஒளிரும். 'ஐந்து முறை சிவப்பு, அடுத்தது கறுப்புதான்' என்று அதைப் பார்த்துக் கட்டுகிறவர்கள் நிறைய. பந்துக்கு நினைவு கிடையாது. 1913இல் ஐரோப்பாவின் மான்டி கார்லோ காசினோவில் தொடர்ந்து 26 முறை கறுப்பே விழுந்தது, சிவப்பு வரும் வரும் என்று கட்டியவர்கள் பெரும்பணத்தை இழந்தார்கள்.

மிஷின்களைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். இரண்டாம் பயணத்தில் விடிகாலை மூன்று மணிக்கு அத்தை போன் செய்து, "மாமா ரூம்ல இல்லப்பா" என்றார். கீழே ஒரு மிஷின் முன்னால் இருந்தார், கண்ணாடி நெற்றியில், உள்ளங்கை பொத்தானின்மேல். 'ஒரு சென்ட்' என்று மேலே எழுதியிருந்ததால் காசு போகாது என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறார். ஆனால் ஒரு சுற்றுக்குக் குறைந்தபட்சம் 60 சென்ட். நிமிடத்துக்குப் பத்து சுற்று என்றால் மணிக்கு 360 டாலர் அந்தப் பொத்தான் வழியாகப் புரளும். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு சுற்றில் 20 சென்ட் திரும்ப வந்தது. விளக்கு மின்னியது, பாட்டு அடித்தது. மாமா முகத்தில் சந்தோஷம். 60 போட்டு 20 வந்தால் 40 நஷ்டம், ஆனால் மிஷின் அதை ஜெயித்ததாகக் கொண்டாடுகிறது. "விட்டதைப் பிடிச்சிட்டு வந்துடுறேன் மாப்ளே" என்றார். 280 டாலர் போயிருந்தது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்த மனிதர் அவர். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. திட்டவில்லை. டிஷ்யூ காகிதத்தில் 60, 20, 40 என்று எழுதிக் காட்டினேன். கொஞ்சநேரம் அதையே பார்த்திருந்துவிட்டு எழுந்து வந்தார்.

அங்கே சுவரில் கடிகாரம் இல்லை, வெளிச்சம் வர ஜன்னல் இல்லை, விளையாடுகிறவர்களுக்குக் குடிக்க இலவசமாக வருகிறது. மணி மூன்று என்பது அவருக்குத் தெரியவே இல்லை. அதனால் போகும் முன்பே போனால் போகட்டும் என்ற தொகையை ஒரு கவரில் போட்டு வையுங்கள். ஏடிஎம் அட்டை, கிரெடிட் கார்டு எல்லாம் அறைப் பெட்டகத்தில் இருக்கட்டும். காசினோ ஏடிஎம்மில் கட்டணம் அதிகம், கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் அன்றே வட்டி ஓடும். கூட வந்தவர் கடன் கேட்டு ஆடத் தொடங்கினால், காசாளர் கவுன்ட்டர் அருகே சூதாட்டப் பழக்கத்துக்கான உதவி எண் உள்ள சீட்டு இருக்கும், நெவாடா விதிப்படி வைத்தாக வேண்டும். தயங்காமல் எடுங்கள்.

மாணவர்களும் விசாவில் இருப்பவர்களும் இதைக் கவனியுங்கள். நெவாடாவில் 2017 முதல் கஞ்சாக் கடைகள் சட்டப்படி நடக்கின்றன. ஆனால் மத்தியச் சட்டத்தில் அது இன்றும் குற்றம், குடியேற்ற விவகாரங்கள் மத்திய அரசின் கையில். 'இங்கே லீகல்தானே' என்று ஒருமுறை தொட்டது விசாவையோ கிரீன் கார்டையோ பாதிக்கலாம்.

பழைய பயணக் குறிப்புகளை நம்பிப் போகாதீர்கள். மிராஜ் ஓட்டலின் எரிமலையைத் தேடி இன்னும் ஆட்கள் வருகிறார்கள், அந்த ஓட்டல் 2024 ஜூலையில் மூடியாயிற்று. டிராபிகானாவை அதே ஆண்டு அக்டோபரில் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு பக்கத்தில்தான் என்று நினைப்பதும் தவறு. தெற்கு விளிம்பு ஒருவழிக்கே சுமார் 450 கிலோமீட்டர். கண்ணாடி நடைபாதை உள்ள மேற்கு விளிம்பு 200 கிலோமீட்டர், அது வலபாய் பழங்குடியினரின் நிலம், தேசியப் பூங்கா பாஸ் அங்கே செல்லாது. ஒரே பகல்தான் இருக்கிறதென்றால் ரெட் ராக் கேன்யன் போதும், காரில் அரைமணி நேரம்தான். அக்டோபர் முதல் மே வரை முன்பதிவு வேண்டும். அந்த மிஷின் இரவு முடிந்த காலையில், அங்கிருக்கும் சிவப்புப் பாறைகளின் முன்னால்தான் மாமா மறுபடி வாய்விட்டுச் சிரித்தார்.

திரும்பும்போது ஞாயிறு மதியம் கிளம்பாதீர்கள். லாஸ் ஏஞ்சலஸ் நோக்கிய ஐ-15 சாலையில் வார இறுதிக்கு வந்த அத்தனை வண்டிகளும் சேரும், நான்கு மணி நேரப் பயணம் ஏழு எட்டு ஆகும். காலை ஏழுக்குள் வண்டியை எடுத்துவிட்டால் வெயில் ஏறும் முன்பே பேக்கர் வந்துவிடும். 134 அடி உயர வெப்பமானி நிற்கும் ஊர் அது, காலை நீட்டிக் கழிப்பறை போக நல்ல இடம்.