மாமா பெயரில் ஆறு வருஷக் கந்தாயம்

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் எங்கள் வீடு இருபதுக்கு முப்பது சைட். கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 500 சதுர அடி. மாமனார் 2017-இல் தவறிப்போகும் வரை அவரே நடந்து போய் கந்தாயம் கட்டிவிட்டு வருவார். வீட்டு வரி என்று சொன்னால் எங்கள் தெருவில் யாருக்கும் சட்டென்று விளங்காது. எல்லோருக்கும் அது கந்தாயம்தான்.

அவருக்குப் பிறகு அண்ணன் தம்பி நாலு பேர். மூத்தார் கட்டியிருப்பார் என்று என் வீட்டுக்காரர் நினைத்தார். வீட்டில் குடியிருப்பவன் கட்டாமலா இருப்பான் என்று மூத்தார் நினைத்தார். சின்னக் கொழுந்தனார்கள் இருவரும் நினைக்கக்கூட இல்லை. 2024 ஆகஸ்டில் மூத்தார் மகளின் படிப்புக்கு லோன் கேட்டுப் போனபோது, கடைசியாகக் கந்தாயம் கட்டிய ரசீதைக் கொண்டுவரச் சொன்னார்கள். அத்தை பிஸ்கட் டின்னைத் திறந்து கொட்டினார். மேலாக இருந்த ரசீது 2017-18.

நான் தையல்காரி. கணக்கு பாஸ் பண்ணினவள் என்பதால் இந்த வேலை என் தலையில் விழுந்தது. இப்போது தெருவில் பாதிப் பேர் பிளவுஸ் தைக்க வரும்போது கந்தாய ரசீதையும் பையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன்.

பணம் புரட்டுவதற்கு முன்னால் எண்ணைத் தேடுங்கள். பழைய ரசீதில் இரண்டு எண் இருக்கும். ஒன்று பி.ஐ.டி. எண், அதாவது சொத்தின் அடையாள எண்: வார்டு, தெரு, மனை என்று கோடு போட்டுப் பிரித்திருப்பார்கள். இன்னொன்று எஸ்.ஏ.எஸ். விண்ணப்ப எண், பத்து இலக்கம். நம் சொத்தை நாமே அளந்து, நாமே கணக்குப் போட்டு, நாமே கட்டுகிற முறைக்குத்தான் எஸ்.ஏ.எஸ். என்று பெயர். 2008-இல் இருந்து சதுர அடிக் கணக்கில் நடக்கிறது. அதனால் வீடு தேடி பில் வரும் என்று உட்கார்ந்திருந்தால் உட்கார்ந்தே இருக்க வேண்டியதுதான். எங்கள் வீட்டுக் குழப்பத்தில் பாதி இதனால் வந்தது. கரண்ட் பில் மாதிரி இதுவும் வரும், வராததால் பாக்கி இல்லை என்றே என் வீட்டுக்காரர் நம்பியிருந்தார்.

வரி கட்டும் இணையதளத்தில் அந்த எண்ணையும், உரிமையாளர் பெயரின் முதல் மூன்று ஆங்கில எழுத்தையும் போட்டால் விவரம் வரும். எங்களுக்கு வரவில்லை. மாமா பெயர் சின்னசாமி. கிரிக்கெட் ஸ்டேடியத்தின் பெயரேதான், இதில் ஸ்பெல்லிங் சந்தேகம் எங்கே வரும் என்று 'சி ஹெச் ஐ' போட்டுப் போட்டுப் பார்த்தோம். இரண்டு நாள் கழித்துத்தான் என் மகன் ரசீதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். 'எஸ் ஐ என்' என்று இருந்தது. தமிழ்ப் பெயர் உள்ளவர்கள் இதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 'ச' வருகிற இடத்தில் 'எஸ்'ஸா 'சி'யா, 'ழ' வருகிற இடத்தில் 'எல்'லா 'இசட்'டா, முன்னால் இனிஷியல் ஒட்டியிருக்கிறதா என்று ரசீதில் உள்ளபடியே அடிக்க வேண்டும். ஆதாரில் உள்ளபடி அடித்தால் பலன் இல்லை.

ரசீதே இல்லை என்றால் பத்திரமும் காத்தா நகலும் (வரிக்கணக்கில் சொத்து யார் பெயரில் இருக்கிறது என்று மாநகராட்சி வைத்திருக்கும் பதிவுதான் காத்தா) எடுத்துக்கொண்டு உங்கள் வார்டுக்குரிய ஏ.ஆர்.ஓ., அதாவது உதவி வருவாய் அதிகாரி ஆபீஸுக்குப் போங்கள். பத்திர நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் பேச்சு சீக்கிரம் முடியும்.

அடுத்தது சண்டை வருகிற இடம். இறந்தவர் பெயரில் இருக்கிற வரியை யார் கட்டுவது? யார் வேண்டுமானாலும் கட்டலாம். ரசீது காத்தாவில் இருக்கிற பெயரிலேயே வரும். அண்ணன் தம்பி நாலு பேரில் மூன்றாமவரான கொழுந்தனாருக்கு, நாங்கள் கட்டினால் வீடு எங்களுக்கு ஆகிவிடுமோ என்று ஒரு பயம். எங்களுக்கோ, நாம் ஏன் நாலு பேர் பங்கையும் கட்ட வேண்டும் என்று ஒரு எரிச்சல். கந்தாய ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. கட்டியதால் வீடு உங்களுடையதாகவும் ஆகாது, கட்டாததால் பங்கு போய்விடவும் செய்யாது. ஆனால் பாக்கி வீட்டின் மேல்தான் நிற்கும், யார் பங்குக்கு எது வந்தாலும் அதோடு சேர்ந்தே வரும். இதை அத்தை முன்னால் உட்கார்ந்து ஒருமுறை எல்லோருக்கும் சொன்னேன். அப்புறம்தான் பேச்சு ரூபாய்க்கு வந்தது.

பெயர் மாற்றம் வேறு வேலை. இறப்புச் சான்றிதழ், வம்சவிருட்சம் என்கிற வாரிசுப் பட்டியல் எல்லாம் வேண்டும், அதற்கு நாளாகும். அது முடியட்டும், அப்புறம் கட்டலாம் என்று வரியை நிறுத்தி வைக்காதீர்கள்.

சரி, எவ்வளவு என்று பார்ப்போம். கட்டிய இடத்தின் சதுர அடி, அதற்குரிய ரேட், பத்து மாதம், இம்மூன்றையும் பெருக்க வேண்டும். வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதம் இருக்க, கணக்கில் பத்துதான். கட்டடத்தின் வயசுக்குத் தக்கபடி தேய்மானம் கழியும். மிச்சத்தில் 20 சதவீதம் வரி, அந்த வரியின் மேல் 24 சதவீதம் செஸ் என்கிற கூடுதல் வரி. ரேட் இரண்டு விஷயத்தைப் பொறுத்து மாறும். ஒன்று, உங்கள் தெரு ஏ-யில் இருந்து எஃப் வரை எந்த மண்டலத்தில் இருக்கிறது என்பது. இன்னொன்று, நீங்களே குடியிருக்கிறீர்களா, வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா என்பது. வாடகை வீட்டுக்கு ரேட் இரட்டிப்பு.

புரிவதற்காக ரேட்டை 2 ரூபாய், 4 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தேய்மானத்தை விட்டுவிடுவோம். கீழே 500 சதுர அடி நாமே இருக்கிறோம்: 500, இரண்டு, பத்து, ஆக 10,000. மேலே 500 சதுர அடி வாடகை: 20,000. மொத்தம் 30,000. அதில் 20 சதவீதம் 6,000. செஸ் 1,440. ஆக 7,440 ரூபாய். இரண்டிலும் நாமே இருக்கிறோம் என்று எழுதினால் 4,960 ரூபாய். வருஷத்துக்கு 2,480 ரூபாய் மிச்சம் என்று இங்கேதான் பலருக்கும் கை தடுமாறுகிறது.

எங்கள் வீட்டிலும் தடுமாறியது. மாமா கட்டிய காலத்தில் மேல் வீட்டில் மூத்தார் இருந்தார், வருஷம் 3,100 ரூபாய்தான். 2019-இல் மூத்தார் கம்மனஹள்ளிக்குக் குடிபோக, மேலே வாடகைக்கு விட்டோம். அதைச் சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். மேல் வீட்டுக்குத் தனி மீட்டர், வாடகைக்காரர் கையில் அக்ரிமென்ட், இதை வைத்துக்கொண்டு யாரிடம் மறைப்பது? மறைத்தது பின்னால் தெரிந்தால் வித்தியாசத்தோடு வட்டியும் அபராதமும் சேர்ந்து வரும். அன்றைக்கு அதுவும் ஒரு புதுப் பாக்கி. என் தையல் மிஷினைப் பற்றியும் கேட்டேன். வீட்டு முன்னால் ஷட்டர் போட்டுக் கடையாக்கினால் அந்த இடத்துக்குக் குடியிருப்பு ரேட் கிடையாது. நான் ஹாலில் ஜன்னலோரம் உட்கார்ந்து தைக்கிறவள், ஷட்டர் ஆசையை அதோடு விட்டுவிட்டேன்.

போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் எந்த மாற்றமும் இல்லை என்றால் நாலாம் நம்பர் படிவம். மாடி கட்டியிருந்தாலும், வாடகைக்கு விட்டிருந்தாலும், மண்டலம் மாறியிருந்தாலும் ஐந்தாம் நம்பர். மண்டல விஷயத்தைச் சின்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2016-இல் மண்டலங்களைத் திருத்தியபோது பலர் பழைய மண்டலத்தின் பேரிலேயே கட்டிக்கொண்டு போனார்கள். 2021 வாக்கில் நகரம் முழுக்கப் பல ஆயிரம் வீடுகளுக்கு வித்தியாசத்தைக் கட்டச் சொல்லி நோட்டீஸ் போனது. எங்கள் தெருக்கோடியில் ஒரு ரிட்டயர்டு பெரியவர், ஏப்ரல் தவறாமல் கட்டுகிறவர், அவருக்கும் வந்தது. வருஷா வருஷம் நாலாம் நம்பரையே கண்ணை மூடிக்கொண்டு அழுத்தியிருக்கிறார்.

இப்போது வட்டி. நாங்கள் மாட்டியபோது மாதம் 2 சதவீதம். ஐம்பது மாதத்தில் வட்டி அசலைத் தொட்டுவிடும். நோட்டில் போட்டுப் பார்த்தேன்: 2018-19-க்கு 3,100, அடுத்த ஐந்து வருஷத்துக்கு வாடகைக் கணக்கில் 4,650 வீதம், மொத்தம் 26,350 ரூபாய் அசல். அதற்கு என் கணக்கில் வட்டி 22,785. அத்தை தண்ணீர் கேட்டார்.

அந்த 2024-ஆம் வருஷம் ஒரே தடவையில் தீர்க்கும் திட்டம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வட்டி முழுக்கத் தள்ளுபடி, அபராதத்தில் பாதி. ஜூலையில் முடிய வேண்டியது, தள்ளித் தள்ளி நவம்பர் 30 வரை வந்தது. நாங்கள் அக்டோபரில் கட்டினோம், வட்டி தப்பித்தது. இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்பது, அடுத்த தள்ளுபடி எப்போது என்றுதான். அதை நம்பி உட்காராதீர்கள். எங்களுடையது ஆறு வருஷ அலட்சியத்துக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். வட்டி விகிதமும் அபராதமும் அதற்குப் பிறகு சட்டத்திலேயே மாறிவிட்டன. உங்கள் எண்ணைப் போட்டால் திரையில் காட்டுகிற தொகைதான் இன்றைய கணக்கு, அதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டீஸ் வந்துவிட்டதா? வாங்க மறுக்காதீர்கள். வாங்காததால் தேதி நிற்காது. நோட்டீஸில் எந்த வருஷம், எத்தனை சதுர அடி, எந்த மண்டலம், வாடகையா சொந்தமா என்று பாருங்கள். உங்கள் ரசீதோடு ஒத்து வரவில்லை என்றால், கொடுத்த கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தால் சொன்னதற்கு அடையாளம் இருக்காது. பதிலும் கொடுக்காமல் பணமும் கட்டாமல் விட்டால் விஷயம் ஜப்தி வரை போகும். கடை, குடோன் என்றால் சீல் வைத்துவிடுவார்கள்.

புரோக்கர் விஷயம். ஒருவர் வந்து, மூவாயிரம் கொடுங்கள், வட்டியைக் குறைத்து முடித்துத் தருகிறேன் என்றார். மூத்தார் ஆயிரம் அட்வான்ஸ் கொடுத்தும் விட்டார். ஆள் கொண்டுவந்த சலான் பார்க்க அசலாட்டம்தான் இருந்தது. தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்தால் பாக்கி அப்படியே நிற்கிறது. ஆயிரம் போனது. யார் மூலமாகக் கட்டினாலும், தளத்தில் நீங்களே ரசீதை எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால்தான் கட்டியதாகக் கணக்கு. மொபைலில் கட்டத் தெரியாதவர்கள் பெங்களூரு ஒன் மையத்தில் கட்டலாம், வரிசையில் நின்றாலும் காசு ஏமாறாது.

பணம் வங்கியில் கழிந்து ரசீது வரவில்லை என்றால் பதறி மறுபடி கட்டாதீர்கள். பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு, தளத்தில் சலான் நிலவரம் என்று இருக்கிற இடத்தில் ஓரிரு நாள் கழித்துப் பாருங்கள்.

இனிமேல் பாக்கி விழாமல் இருக்க நான் செய்வது சின்ன விஷயம். கந்தாய வருஷம் ஏப்ரலில் பிறக்கிறது. ஏப்ரல் 30-க்குள் முழுசாகக் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி. பல வருஷங்களில் கெடுவை நீட்டியிருக்கிறார்கள்தான், ஆனால் நான் சித்திரை ஒன்றாம் தேதிக் காலண்டரிலேயே பேனாவால் வட்டம் போட்டுவிடுவேன். மொத்தமாக முடியாதவர்கள் இரண்டு தவணையாகக் கட்டலாம். கெடுவுக்குள் கட்டினால் வட்டி இல்லை, ஆனால் அந்த 5 சதவீதம் கிடைக்காது. 2025 ஏப்ரலில் இருந்து குப்பைக் கட்டணமும் கந்தாயத்தோடு சேர்ந்து வருகிறது. வீடு 600 சதுர அடி வரை மாதம் 10 ரூபாய், 601-இல் இருந்து 1,000 வரை 50, அதற்கு மேல் 2,000 வரை 100. தொகை ஏன் கூடியது என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பழைய ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள். 2024 அக்டோபரில் இருந்து வீடு விற்க, வாங்கப் பதிவு செய்ய இ-காத்தா, அதாவது கம்ப்யூட்டரில் எடுக்கிற காத்தா, கட்டாயம். அதை எடுக்க இந்த எஸ்.ஏ.எஸ். எண்ணும் கேட்கப்படும். 2025 செப்டம்பரில் ஒரே மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்துவிட்டதால் ரசீதின் தலைப்பு வேறாக வரலாம். பழசையும் புதுசையும் ஒரே கவரில் வையுங்கள். எங்கள் வீட்டில் பிஸ்கட் டின்தான், அத்தை அதை மாற்ற விடவில்லை.

பாக்கியை நாலாகப் பிரித்தால் ஆளுக்கு 6,587 ரூபாய் 50 காசு. ரசீதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். மூத்தார் அன்றைக்கே அனுப்பினார். கடைசிக் கொழுந்தனார் 6,600 அனுப்பி, மிச்சத்தில் டீ குடியுங்கள் அண்ணி என்றார். மூன்றாமவர் 6,587 அனுப்பினார். அந்த 50 காசுக்கு வட்டி ஓடுகிறது என்று பார்க்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.