சர்க்கரை நோய்: வலி சொல்லாததைக் கண்ணும் கையும் கண்டுபிடிக்கும் வழி

காலணிக்குள் சின்னக் கல் கிடந்தால் நாலு அடி வைப்பதற்குள் தெரிந்துவிடும். பாதத்தில் உணர்ச்சி மங்கிய சர்க்கரை நோயாளிக்கு அது தெரியாது. நாள் முழுக்க அதன் மேலேயே நடப்பார். இரவு சாக்ஸில் ரத்தக்கறையைப் பார்த்த பிறகுதான் புண் இருப்பதே தெரியும்.

ஏன் இப்படி? ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் செல்களுக்குள் போக இன்சுலின் வேண்டும். முதல் வகை நோயில், உடலின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. பெரும்பாலோருக்கு வருவது இரண்டாம் வகை: இன்சுலின் இருந்தும் உடல் அதற்குச் சரியாக மசிவதில்லை, போகப்போகச் சுரப்பும் குறைகிறது. பரம்பரை, இடுப்பைச் சுற்றிய கொழுப்பு, உடலுழைப்பு இல்லாமை எல்லாம் இதில் சேர்ந்தே வேலை செய்கின்றன. வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 126 மி.கி. அல்லது அதற்கு மேல், அல்லது எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை) 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு இன்னொரு சோதனையிலும் அது உறுதியாக வேண்டும்.

சர்க்கரை நெடுநாள் ஏறியே இருந்தால் நரம்பும், நரம்புக்கு ரத்தம் தரும் நுண்குழாய்களும் கெடும். உடலிலேயே நீளமான நரம்புகள் முதலில் அடிபடுவதால், மரத்துப்போவது கால்விரல் நுனியில் தொடங்கி சாக்ஸ் போட்ட மாதிரி மேலே ஏறும். வியர்வை நரம்பும் போனால் தோல் காய்ந்து குதிகால் வெடிக்கும். கால் தமனியும் அடைத்திருந்தால் வந்த புண் ஆறுவது கடினம். புகை பிடிப்பவருக்கு இந்த அடைப்பு இன்னும் வேகமாக வரும்.

படி 1: உணர்ச்சி இருக்கிறதா?

இதற்கு இன்னொருவர் வேண்டும். சாக்ஸைக் கழற்றிப் படுத்துக் கண்ணை மூடுங்கள். அவர் ஆள்காட்டி விரல் நுனியால் உங்கள் கால்விரல் நுனியை 1 முதல் 2 விநாடி மெல்லத் தொட வேண்டும். வரிசை: வலது கட்டைவிரல், வலது சுண்டுவிரல், இடது கட்டைவிரல், இடது சுண்டுவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல். தொட்டது தெரிந்தால் ‘வலது’ அல்லது ‘இடது’ என்று சொல்லுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தவறினால் உணர்ச்சி குறைந்திருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். இதில் சொதப்புவது பெரும்பாலும் தொடுபவர்தான். அழுத்தினாலோ தட்டினாலோ, தெரியவில்லை என்றதும் அதே விரலை மறுபடி தொட்டாலோ சோதனை செல்லாது.

படி 2: இரவில் ஐந்து நிமிடம்

தரையில் ஒரு கண்ணாடியை வைத்து, அதற்கு மேல் உள்ளங்காலைக் காட்டுங்கள். விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள். வெள்ளையாக ஊறிப்போன தோல் அங்கேதான் ஒளிந்திருக்கும். கொப்புளம், வெடிப்பு, நிறமாற்றம் எதையும் விடாதீர்கள். காலில் ஆணியோ தடித்த தோலோ இருந்தால், அந்த இடத்தில் அழுத்தம் அதிகம் விழுகிறது என்று பொருள். அந்தத் தடிப்பே உள்ளே கிடக்கும் கல்லைப் போல அழுத்தும். அதற்கடியில் கருஞ்சிவப்பாக ரத்தம் தெரிந்தால் புண் உருவாகிக்கொண்டிருக்கிறது. பிளேடால் சீவுவது, ஆணிக்கான அமில பிளாஸ்டர் ஒட்டுவது இரண்டும் வேண்டாம்.

பிறகு புறங்கையால் இரண்டு பாதங்களையும் தொட்டு ஒப்பிடுங்கள். புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சூடாக, வீங்கிச் சிவந்திருந்தால் எலும்பு நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். வலி அதிகம் இல்லாததால் சுளுக்கு என்று விட்டுவிடுகிறார்கள். அந்தக் காலை ஊன்றாமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

படி 3: கழுவுதல், நகம்

தண்ணீர் 37 டிகிரிக்குள் இருக்கட்டும். கால் சூட்டை உணராது என்பதால் முழங்கையால் பாருங்கள். ஊற வைக்காதீர்கள். இடுக்குகளை ஒற்றித் துடைத்த பிறகு, ஈரப்பதம் தரும் கிரீமைப் பாதத்தில் தடவுங்கள். இடுக்கில் மட்டும் வேண்டாம். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைக் குடையாதீர்கள். வெந்நீர்ப் பையைக் காலில் வைக்கவே வேண்டாம்.

படி 4: காலணி

பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலையில் வாங்குங்கள். போகும் முன் காகிதத்தில் நின்று பாதத்தை வரைந்து வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் காலணிக்குள் நுழைக்கும்போது ஓரம் மடங்கினால் அந்தக் காலணி உங்களுக்கு இறுக்கம். உள்நீளம் பாதத்தைவிட 1 முதல் 2 செ.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். வெளிர் நிற சாக்ஸ் நல்லது, கறை உடனே தெரியும். வீட்டுக்குள்ளும் வெறுங்கால் வேண்டாம்.

படி 5: புண் வந்துவிட்டால்

சுத்தமான தண்ணீரில் கழுவி, கிருமி நீக்கிய துணியால் மூடி, 24 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பாருங்கள். கருப்பு நிறம், நாற்றம், பரவும் சிவப்பு, காய்ச்சல் இதில் ஒன்று இருந்தாலும் உடனே கிளம்புங்கள். வலிக்கவில்லை என்று காத்திருந்தவர்களுக்குத்தான் எலும்பு வரை போயிருக்கும்.

பாதத்தில் எந்தக் குறையும் இல்லாத சர்க்கரை நோயாளி ஆண்டுக்கு ஒரு முறை பாதப் பரிசோதனை செய்துகொண்டால் போதும். ஒருமுறை புண் வந்து ஆறியவர் 1 முதல் 3 மாதத்துக்கு ஒரு முறை போக வேண்டும். புண் மறுபடி வருவது மிகவும் சகஜம்.