தரையிலிருந்து எழும்போது தெரிந்துவிடும் வயது

வீட்டு விசேஷத்தில் சாப்பாடு முடிந்து, பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் எழும் நேரத்தைக் கவனியுங்கள். தலைக்கு டை அடித்து, நாற்பது போலத் தெரிந்தவர் ஒரு கையைத் தரையிலும் மறு கையை முட்டியிலும் ஊன்றி, "யப்பா" என்று எழுவார். பக்கத்தில் நரைத்த தலையோடு ஒருவர் எதையும் பிடிக்காமல் எழுந்து கை கழுவப் போவார். பார்ப்பவர் கண்ணுக்கு அவர்தான் இளையவர்.

இளமையாக இருக்க எண்ணெயைக் குறை, தண்ணீர் குடி என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களும் திரும்பத் திரும்ப எங்கே தவறுகிறார்கள் என்பதை மட்டும் பார்ப்போம்.

நடந்தால் போதும் என்று இருந்துவிடுவது

இதுதான் பெரிய தவறு. டாக்டர் சொன்னார் என்று விடியற்காலையில் நடக்கத் தொடங்குவார்கள். கூடவே நாலு இட்லி இரண்டாகும், ராத்திரிச் சாப்பாடு கஞ்சியாகும். ஆறு மாதத்தில் எட்டு கிலோ இறங்கும். "நல்லா மெலிஞ்சிட்டீங்க சார்" என்று பாராட்டும் வரும். கன்னம் ஒட்டி, சட்டை தோளில் தொங்கி, மாடிப்படியில் கைப்பிடியைத் தேடத் தொடங்கியிருப்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். இவ்வளவு ஒழுங்காக உழைக்கிறவர்கள் இப்படித் தளர்ந்துபோவதைப் பார்க்க மனசு கேட்பதில்லை.

நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நல்லது, அதை விடவே கூடாது. ஆனால் சமதரையில் நடக்கும்போது தொடைத் தசைக்குப் பழகின பாரம்தான் கிடைக்கிறது; அது வலுவாகக் காரணமே இல்லை. 30 வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது, 60க்கு மேல் இன்னும் வேகமாக. சாப்பாட்டை மட்டும் குறைத்து மெலிந்தால், குறைந்த எடையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பல்ல, பெரும்பாலும் தசை. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வதும் அதே தசைதான். வாரம் குறைந்தது 150 நிமிடம் வேக நடை போன்ற உழைப்பு, கூடவே வாரம் 2 நாள் தசைக்கான பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. முதல் பாதி மட்டும் ஊரெல்லாம் பரவிவிட்டது.

முதலில் அளந்து பாருங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை முழுதாக எழுந்து உட்காருங்கள். 12 நொடி அல்லது அதற்கு மேல் ஆனால் தசை வலு குறைந்திருக்கலாம் என்பது ஆசிய நாட்டு மருத்துவக் குழு 2019ல் வகுத்த அளவு.

பயிற்சியும் அதே நாற்காலியில்தான். ஒரு எண்ணுக்குள் எழுந்து, மூன்று எண்ணும்வரை மெதுவாக இறங்குங்கள். 8 முதல் 10 முறை, இரண்டு நிமிடம் ஓய்வு, இப்படி மூன்று சுற்று. பெரும்பாலானவர்கள் கெடுப்பது இறங்கும்போதுதான்: பாதி தூரத்தில் தொப்பென்று உட்கார்ந்துவிடுகிறார்கள். தசை பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீளும் அந்த மூன்று எண்ணிலும் நல்ல பலன் இருக்கிறது. முட்டி உள்பக்கம் சாயக்கூடாது, குதிகால் தூக்கக்கூடாது, மூச்சை அடக்கக்கூடாது. அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும்.

மேல் உடம்புக்கு, சமையல் மேடையில் கை ஊன்றித் தண்டால் 10 முறை. 5 லிட்டர் தண்ணீர் உள்ள வாளியை, மறு கையை நாற்காலியில் ஊன்றிக் குனிந்து, முதுகை நிமிர்த்தி இடுப்புவரை இழுப்பது பக்கத்துக்கு 10 முறை. வாரத்தில் இரண்டு மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. மூன்று சுற்றும் 12 முறை சுலபமாக வந்துவிட்டால் பாரத்தைக் கூட்ட வேண்டும்: கைக்கொரு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், பிறகு பள்ளிக்கூடப் பையில் 5 கிலோ அரிசி. பாரத்தைக் கூட்டாமல் அதையே ஒரு வருஷம் செய்வதும் நடையைப் போலத்தான் ஆகும். இரண்டு நாள் சதை வலிப்பது இயல்பு. மூட்டுக்குள் குத்தினால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். நெஞ்சுவலி, கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சாப்பாடு இல்லாமல் இந்தப் பயிற்சி வீண். 60 கிலோ எடையுள்ள பெரியவருக்கு நாளுக்கு 60 முதல் 70 கிராம் புரதம் வேண்டும். இட்லி, சோறு, சாம்பார், ரசம், இரண்டு சப்பாத்தி என்று ஓடும் நாளில் அதில் பாதி சேர்வதே கஷ்டம். இரண்டு முட்டையில் 12 கிராம், 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் செய்த சுண்டலில் 10, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7, 100 கிராம் மீனில் 20 கிராம் அளவுக்குக் கிடைக்கும். வயதான தசைக்குச் சின்னச் சின்ன அளவு உறைக்காது. எனவே எல்லாவற்றையும் மதியத்துக்கே வைக்காமல் மூன்று வேளையும் 20 கிராமுக்குக் குறையாமல் பாருங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கூட்டக்கூடாது.

சன்ஸ்கிரீனைப் பொட்டளவு தடவுவது

முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கிய அளவு வேண்டும். அதில் கால்வாசி பூசினால், டப்பாவில் எஸ்பிஎஃப் 30 என்று போட்டிருக்கும் வெயில் காப்பு தோலுக்குக் கிடைக்காது. வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். கார் கண்ணாடியை நம்பாதீர்கள். சுருக்கத்துக்குக் காரணமான யுவி-ஏ கதிர் பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக வரும். 28 வருஷம் லாரி ஓட்டிய ஒருவரின் படம் 2012ல் ஒரு மருத்துவ இதழில் வந்தது: ஜன்னல் பக்கக் கன்னம் மட்டும் மடிப்பு மடிப்பாகத் தொங்கியிருந்தது.

மருந்துக்கடை "க்ரீம்"

முகம் பளிச்சென்று ஆக வாங்கும் டியூபில் பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. முதல் இரண்டு வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, ரத்த நரம்பு தெரியும், முடி முளைக்கும். திடீரென்று நிறுத்தினாலும் எரிச்சலோடு சிவந்து வெடிக்கும் என்பதால், ஏற்கெனவே பூசுகிறவர்கள் தோல் மருத்துவர் சொல்கிறபடி நிறுத்த வேண்டும்.

கருப்பு மருதாணி

மருதாணி கருப்பாகப் பற்றாது. கருப்பாகப் பற்றினால் டை கலந்திருக்கிறது. தலைக்குப் பூசும் முன் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி, அரிப்போ சிவப்போ வருகிறதா என்று 48 மணி நேரம் பாருங்கள்.

புகை

ஒன்றுகூட வேண்டாம்.

கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிவிட்டு அப்படியே விடுவது

மெல்ல முடியாதவர் முதலில் விடுவது சுண்டலையும் கறியையும்தான். பிறகு குழைந்த சோறும் ரசமும்தான் சாப்பாடு. தசை கரைய இதைவிடச் சுலபமான வழி இல்லை. பல் கட்டும்வரை முட்டையைப் பொடிமாஸாகவும், பயறை ஊறவைத்து அரைத்துப் பெசரட்டு என்னும் பயறு தோசையாகவும் கொடுங்கள். பச்சைப்பயறு 100 கிராமுக்கு ஒரு பிடி அரிசி, இஞ்சி, பச்சை மிளகாய். நைசாக அரைத்து மெத்தென்று வார்த்தால் பல் இல்லாமலும் சாப்பிடலாம்.